சம்பா அரிசியும் காலை ஏழு மணி பஸ்ஸும்: கொஞ்சம் உதவுங்கள்

அக்காமாரே, அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். களியக்காவிளை பக்கம் வீடு, திருவனந்தபுரத்தில் வேலை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அம்மாவுக்குச் சம்பா அரிசிச் சோறுதான் வேண்டும். வெள்ளைச் சோறு சாப்பிட்டால் உடனே பசிக்கிறது என்பார். இந்தச் சிவப்பு அரிசி வேக முக்கால் மணி நேரம் ஆகிறது. குக்கரில் வைத்தால் மேலே குழைந்து, நடுவில் வேகாமல் விதையாக நிற்கிறது. கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது.

பக்கத்து வீட்டுச் சேச்சி சூடாறாப்பெட்டி வாங்கச் சொல்கிறார். அரிசியைக் கொதிக்கவிட்டு, பானையோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் அடுப்பில்லாமலே வெந்துவிடும். ஆனால் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும்? ராத்திரியே வைத்தால் காலையில் குழைந்துவிடாதா, மத்தியானத்துக்குள் புளித்துவிடாதா? 4.30 மணிக்கு எழுந்து வைத்தால் போதுமா?

அப்புறம் தீயல், அதாவது தேங்காய் வறுத்தரைத்த குழம்பு. ஞாயிற்றுக்கிழமை தேங்காயைச் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), மல்லி, வற்றல் மிளகாயோடு கறுஞ்சிவப்பாக வறுத்து, தண்ணீர் விடாமல் எண்ணெய் கசியும்வரை அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். புதன்வரை நல்ல மணம். வியாழன் குழம்பில் பழைய எண்ணெய் வாடை வந்துவிடுகிறது. சின்ன உருண்டைகளாக ஃபிரீசரில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? மீனுக்குக் கவலை இல்லை. குடம்புளி போட்ட சாளைக் குழம்பு மண்சட்டியில் மறுநாள்தான் ருசி.

கடையில் வாங்கிக் கொடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மா மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் சோறு அது. நன்றாக இருக்கணும்.