மறு: டெக்ஸ்ட் அட்வென்சருக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

திரையில் வரும் உரையைப் படித்து, கட்டளைகளைத் தட்டி ஆடும் கணினி விளையாட்டுதான் டெக்ஸ்ட் அட்வென்சர். அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். 'உரைச் சாகச விளையாட்டு' வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வகைக்குச் சாகசப் பெயர் வந்ததே தற்செயல்தான். 1976-இல் வில் கிரௌதர், தான் இறங்கிப் பார்த்த கெண்டக்கிக் குகையை வைத்து ஒரு விளையாட்டு எழுதினார். அடுத்த ஆண்டு டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். அதன் பெயர் 'அட்வென்சர்'. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. தக்கலையில் நாங்கள் எழுதுவது சின்னச் சின்ன நகைச்சுவைப் புதிர்த் தொடர். முதல் பாகம் பத்மநாபபுரம் அரண்மனையில் நடக்கிறது. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆக, சாவியை எந்த மொழியில் கேட்பது என்பதுதான் முதல் புதிர். இதில் சாகசம் எங்கே?

விடுகதையை எங்கள் பக்கம் அழிப்பாங்கதை என்பார்கள், விடை சொல்வது 'அழிப்பது'. பொருளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணினியில் 'அழி' என்றால் கோப்பு போய்விடும். மனமில்லாமல்தான் விடுகிறேன். 'புதிர்க்கதை' என்றால் துப்பறியும் கதை என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை 'ஏவல் கதை'. விளையாடுபவர் தட்டுவதெல்லாம் ஏவல் வினைதானே: திற, எடு, வடக்கே போ. பள்ளி இலக்கணத்திலேயே படித்த சொல். ஏவினால்தான் கதை நகரும். பில்லி, சூனியம், ஏவல் என்று சேர்த்துச் சொல்லும் ஊரில் பேய்க்கதை என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அங்கேயும் ஒன்றை ஏவி வேலை வாங்குவதுதான் பொருள். வேர் ஒன்றே என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

அப்புறம், இன்வென்டரி, அதாவது விளையாடுபவர் எடுத்து வைத்திருக்கும் பொருள்களின் பட்டியல். அதற்குச் 'சரக்கிருப்பு' என்றால் கடைக்குத்தான் சரி. அரண்மனையின் குதிரை விளக்கும் ஒரு பழைய சாவியும் கையில் இருந்தால் அது 'கைப்பொருள்'.

தட்டிய கட்டளையைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரல் பகுதியான பார்சருக்குப் 'பகுப்பான்' போதும், பகுபதம் படித்தவர்களுக்கு உடனே புரியும். அதன் வேலையும் தமிழில் வேறு. ஆங்கிலத்தில் வினை முதலில், பொருள் பிறகு என்று இடத்தை வைத்தே பிரித்துவிடலாம். தமிழில் 'விளக்கை எடு', 'எடு விளக்கை' இரண்டையும் ஏற்க வேண்டும். எதை எடுப்பது என்று காட்டுவது 'ஐ' உருபு. பேச்சுவழக்கில் 'விளக்கு எடு' என்று உருபில்லாமல் தட்டினாலும் புரிந்துகொள்ள வேண்டும். சாவியை, கதவை, மரத்தை என்று உருபு சேரும்போது சொல் மாறும் விதங்களை எல்லாம் கழற்றத் தெரிந்தால்தான் அது பகுப்பான்.

'ஏவல் கதை'க்கு மறுப்பு இருந்தால் இந்த வாரமே எழுதுங்கள். உதவிப் பக்கத்தை அதற்குப் பிறகுதான் முடிக்க முடியும்.