‘லைவ் அட் லீட்ஸ்’: ஆறு பாட்டு போதுமா, முழுக் கச்சேரி வேண்டுமா?

எல்பி ரசிகன்: தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் வாசித்த கச்சேரியின் பதிவுதான் ‘லைவ் அட் லீட்ஸ்’. அந்த ஆண்டு வந்த எல்பியில் (இசைத்தட்டில்) ஆறே பாட்டு. 1995 சிடியில் கூடுதல் பாட்டுகள் வந்தன, 2001 பதிப்பில் அன்று வாசித்த ‘டாமி’யும் (ஒரே கதையைப் பாட்டுகளாகச் சொல்லும் அவர்களின் ராக் ஆப்பரா) சேர்ந்தது. புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் அந்த எல்பியைத்தான் சொல்வேன். 1969இல் ‘டாமி’ வந்தபின் ராக் ஆப்பரா என்றே பேச்சு. இதிலோ பிறர் பாட்டு மூன்று, சொந்தப் பாட்டு மூன்று, எல்லாமே அனல். மேடையில் அவர்கள் யார் என்பது 40 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

முழுக்கச்சேரி: நண்பரே, அந்த எல்பியிலேயே ‘மை ஜெனரேஷன்’ கிட்டத்தட்ட 15 நிமிடம். நடுவில் ‘ஸீ மீ, ஃபீல் மீ’ வருகிறதே, எங்கிருந்து வந்தது? சற்று முன்புதான் ‘டாமி’யைப் பெரும்பாலும் வாசித்து முடித்திருந்தார்கள். அதை விட்டுவிட்டுக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஆறு பாட்டு என்பது ஒற்றை எல்பியின் இடநெருக்கடி, அவ்வளவுதான்.

எல்பி ரசிகன்: இடம்தான் பிரச்சினை என்றால் டபுள் எல்பி போட்டிருக்கலாமே, ‘டாமி’யே டபுள் எல்பிதானே? இது யோசித்துச் செய்த தேர்வு. திருட்டு ரெக்கார்டு போலப் பழுப்பு அட்டை, முத்திரை குத்திய எழுத்து. டேப்பின் கரகரப்பைத் திருத்த வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதியிருந்தார்கள். உங்கள் 2001 பதிப்பு ‘டாமி’யைப் பிரித்து இரண்டாம் சிடியில் வைத்தது. நீங்கள் சொல்லும் தொடர்ச்சி அதில் எங்கே?

பேஸ் பிரியன்: இடையில் ஒன்று. மறுநாள் ஹல் நகரிலும் பதிவு செய்தார்கள், ஆனால் முதல் சில பாட்டுகளில் என்ட்விசிலின் பேஸ் கிட்டார் பதிவாகவில்லை. ரிதம் கிட்டாருக்குத் தனி ஆள் இல்லாத குழு இது. கிட்டாரிஸ்ட் டவுன்ஷெண்ட் சோலோவுக்குப் போனால் அடியில் தாங்குவது பேஸ்தான். லீட்ஸ் டேப்பில் அது முழுசாக இருப்பது நம் பாக்கியம்.

முழுக்கச்சேரி: உண்மை. வரிசை கலைந்தது சிடி போட்டவர்களின் தவறு, அதற்குக் கச்சேரி என்ன செய்யும்? ‘எ குயிக் ஒன்’ முடிந்ததும் ‘டாமி’, அப்புறம் ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ என்று அடுக்கிக் கேளுங்கள். அவ்வளவு நேரம் வாசித்த பிறகும் டிரம்மர் கீத் மூன் அடிக்கிற அடியில் களைப்பே இல்லை. ஆறு பாட்டு மட்டும் கேட்பவருக்கு அது தெரியவே வழியில்லை.