சக்கில் 45.00, மறுநாள் 44.98: எங்கே போனது 0.02?

ராத்திரி டர்னர்:
நாற்பது வயதுக்கு மேல் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து லேத் (கடைசல் இயந்திரம்) பழகுகிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் வகுப்பு. கூடப் படிக்கும் பையன்கள் ‘அங்கிள்’ என்கிறார்கள், அது போகட்டும்.

மைல்டு ஸ்டீலில் 45 மி.மீ. விட்டத்தில் ஷாஃப்ட் (உருளைத் தண்டு). டாலரன்ஸ், அதாவது அனுமதித்த வித்தியாசம், கூடவோ குறையவோ 0.01. நேரமாகிவிட்டதே என்று, 50 மி.மீ. கம்பியைக் கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) கூட விடாமல் மளமளவென்று கடைந்தேன். சக்கில் (கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பிடி) இருக்கும்போதே மைக்ரோமீட்டரில் மூன்று தடவை பார்த்தேன், 45.00. மறுநாள் ஆசிரியர் அளந்தால் 44.98! சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக உருட்டிவிட்டார். “காரணத்தை நீங்களே கண்டுபிடிங்க” என்கிறார். மைக்ரோமீட்டர் கோளாறா?

பழைய கை:
கழற்றும்போது ஜாப் (கடைந்த துண்டு) சுட்டதா?

ராத்திரி டர்னர்:
சுட்டது. துணி சுற்றித்தான் எடுத்தேன்.

பழைய கை:
அப்புறம் என்ன, மைக்ரோமீட்டரைத் திட்டாதீர்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஸ்டீல் மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். ஜாப் 60 டிகிரியில் இருந்து 20க்கு இறங்கியது என்று வையுங்கள். 45 மி.மீ.க்குப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு எழுதுகிறவருக்கு நான் சொல்ல வேண்டாம். 0.02 வருகிறதா? டிராயிங்கில் 45.00 என்றால் 20 டிகிரியில் 45.00 என்றுதான் பொருள்.

ரஃபிங்கை, அதாவது முதலில் வேகமாகக் கடைவதை, 46இல் நிறுத்துங்கள். ஜாப் ஆறட்டும். அதுவரை வேறு வேலை பாருங்கள், பக்கத்தில் நின்று ஊதிக்கொண்டிருக்க வேண்டாம்.

பர் பிடுங்கி:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஆறிய பிறகு, கடைசியில் 0.02 மட்டும் மிச்சம் வைத்துச் சுரண்டாதீர்கள். அவ்வளவு மெல்லியதாகக் கொடுத்தால் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) வெட்டாது, தேய்க்கும். 46இல் இருந்து விட்டத்தில் 0.5, 0.5 என்று ஒரே அளவாக இரண்டு கட். முதல் கட்டுக்கு டயலில் (டூலை நகர்த்தும் கைப்பிடியின் அளவு வளையம்) எவ்வளவு கொடுத்தீர்கள், உண்மையில் எவ்வளவு எடுத்தது என்று பார்த்தால் இரண்டாவதை எப்படி வைப்பது என்று தெரிந்துவிடும். டயலில் வேண்டிய அளவைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பாதீர்கள். நன்றாகப் பின்னுக்குப் போய்த் திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் பேக்லாஷ் (திருகில் உள்ள தளர்வு) ஏமாற்றும்.

ராத்திரி டர்னர்:
நேற்று செய்தேன். ஆற வைத்த நேரத்தில் பையன்கள் “அங்கிள், தூங்கிட்டீங்களா?” என்று கிண்டல். முதல் கட்டுக்கு 0.5 கொடுத்தால் 0.47தான் எடுத்தது. அதைச் சேர்த்து இரண்டாவதை வைத்தேன். இன்று ஆசிரியர் அளந்தபோது அளவு 45.00க்கும் 45.01க்கும் நடுவில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த டிராயிங்கை நீட்டினார். அலுமினியம். அது ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு விரியுமாமே?

பழைய கை:
ஆமாம். இந்தத் தடவை கூலன்ட்டைத் திறங்கள்.