டொயோட்டாவோட பழைய 86 ஸ்போர்ட்ஸ் காரை வச்சுக்கலாமா, புது ஜிஆர்86-க்குத் தாவலாமா? மாறினவங்க, மாறாதவங்க அனுபவம் சொல்லுங்க

பாக்ஸர்_ஜெர்சி (நியூ ஜெர்சி)

எங்கிட்ட இருக்கிறது 2013 எஃப்ஆர்-எஸ், அதான் பழைய 86-க்கு அப்போ இங்க இருந்த பேரு, மேனுவல், முதல் ஓனரே நான்தான். வால்வ் ஸ்ப்ரிங் ரீகால், அதான் கம்பெனியே கூப்பிட்டு இன்ஜின்ல ஸ்ப்ரிங் மாத்தினது, முடிஞ்சுது, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல. போன வாரம் ஒரு டீலர்ல ஜிஆர்86 பிரீமியம் ஓட்டிப் பாத்துட்டு வந்தேன், அதுல இருந்து வேற எதுவும் ஓடமாட்டேங்குது.

ரூட் 23ல வடக்க போற ஏத்தம், மூணாவது கியர், 4000 ஆர்பிஎம்முக்குக் கிட்ட. நம்ம பழைய வண்டி அந்த இடத்துல என்ன பண்ணும்னு சொல்லத் தேவையில்ல, 3500 தாண்டினதும் மூச்சு வாங்கும், 4500 வர்ற வரைக்கும் எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் நடக்காது, அதனால ஏத்தத்தைப் பாத்தாலே கை தானா ரெண்டாவது கியருக்குப் போயிடும், இத்தனை வருஷப் பழக்கம். அன்னிக்கும் கை போயிடுச்சு. ஆனா இழுக்கத் தேவையே படல, வண்டி அதுபாட்டுக்கு ஏறிடுச்சு. பக்கத்துல சேல்ஸ்மேன் ஆண்ட்ராய்டு ஆட்டோ பத்தி ஏதோ சொல்லிட்டு வந்தாரு, எனக்கு ஒண்ணும் காதுல விழல.

பழைய 2.0 லிட்டர் இன்ஜின்ல டார்க், அதான் இழுப்பு, 205 நியூட்டன் மீட்டர், அதுவும் 6400க்கு மேல போனாதான். புது 2.4ல 250, 3700 ஆர்பிஎம்லயே வந்துடுது. பல தடவை படிச்ச நம்பர்தான், முதுகு சீட்டுல அழுந்துறப்போதான் அது என்னன்னு தெரியுது.

சத்தம்தான் எனக்கு ஒட்டல. ஸ்பீக்கர் வழியா இன்ஜின் சத்தம் போடுறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சதும் மனசு விலகிடுது. வீட்டுல சொன்னா, "வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே வண்டி மாதிரிதானே இருக்கு, இதுக்கு எதுக்கு இவ்வளவு காசு"ன்னு கேக்குறாங்க. டீலர் எம்எஸ்ஆர்பிக்கு, அதான் கம்பெனி போட்ட விலைக்கு, மேல வேற கேக்குறான். மாறினவங்க சொல்லுங்க, ஆறு மாசம் கழிச்சும் அந்த இழுப்பு சந்தோஷம் குடுக்குதா, இல்ல பழகிடுதா?

மலைரோடு35 (பே ஏரியா)

ப்ரோ, சத்தத்துக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். பழைய வண்டில மட்டும் என்ன, இன்டேக்ல இருந்து ஒரு குழாய் போட்டு கேபினுக்குள்ள சத்தத்தைக் கொண்டு வர்றாங்களே, அதுக்கு சவுண்ட் கிரியேட்டர்னே பேரு. அதுல காத்து நிஜம், இதுல ஸ்பீக்கர், அவ்வளவுதான் வித்தியாசம். புதுசுல அந்த யூனிட்டோட கனெக்டரைக் கழட்டி விட்டுட்டு ஓட்டுறவங்க நெறைய பேர். அதை வச்சு முடிவெடுக்காதீங்க.

நான் மாறல. காரணம் ஒரே ஒரு வளைவு. ஃப்ரெண்டோட ஜிஆர்86 எடுத்துக்கிட்டு ஹைவே 9ல சாரடோகா பக்கம் இறங்கிட்டு இருந்தேன், வாரா வாரம் என் வண்டில போற ரோடு, ஒவ்வொரு மரமும் தெரியும். ஒரு இடது வளைவுக்கு முன்னாடி பிரேக் மிதிக்கிற இடம் எனக்கு மனப்பாடம், அந்த இடம் வந்தப்போ ஸ்பீடோமீட்டரைப் பாத்தா எப்பவும் வர்றதை விட 15 மைல் கூட இருக்கு. எனக்கு எந்த வேகமும் தெரியல. பாடி டைட்டா இருக்கு, டயர் பைலட் ஸ்போர்ட் 4, ஒரு சத்தம் இல்ல, ஒரு நெளிவு இல்ல. வளைவுல போயிடுச்சு, ஒண்ணும் ஆகல. ஆனா எதிர்ல ஒரு சைக்கிள்காரர் ஏறி வந்துட்டு இருந்தாரு, அவரு முகம் இன்னும் கண்ணுல நிக்குது. பழைய வண்டில 45 மைல்ல கிடைக்கிற அதே சந்தோஷத்துக்கு இதுல 60 போகணும், பப்ளிக் ரோட்டுல அந்த 15 மைலுக்கு விலை இருக்கு.

நீங்க சொல்ற அந்த 4000 ஆர்பிஎம் பள்ளத்துக்கு ஹெடர் (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்) மாத்தி, இன்ஜின் கம்ப்யூட்டரை டியூன் பண்ணா முக்கால்வாசி நெரம்பிடும், புது வண்டி வாங்குற வித்தியாசக் காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. கலிபோர்னியாவுல இருக்கிறவங்க மட்டும் கேர்ஃபுல்லா இருங்க, கார்ப் ஈஓ நம்பர் (மாநில காற்று வாரியத்தோட அனுமதி எண்) இல்லாத ஹெடர் போட்டா ஸ்மாக் டெஸ்ட்ல, அதான் புகைச் சோதனைல, பாத்த உடனே ஃபெயில், டியூன் ஃபைலுக்கும் அதே கதைதான், கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேரையும் செக் பண்றாங்க. ஜெர்சி ரூல் உங்களுக்குத் தெரியும். ஹெடர் போட்டா அடில ஆயில் லைனுக்குப் பக்கத்துல ஹீட் ஷீல்ட் இருக்கான்னு பாத்துக்குங்க, போல்ட்டை எல்லாம் முதல் நாள் ராத்திரியே துருவுக்கு ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, ஓ2 சென்சார் கழட்டும்போது வயரை முறுக்காதீங்க, புது காஸ்கெட் வாங்கி வச்சுட்டு வேலைல இறங்குங்க, பழசைத் திரும்பப் போடவே போடாதீங்க.

ஸ்காபரோ_அண்ணை (ஒன்டாரியோ)

தம்பி, நான் மாத்தினனான். 2014 எஃப்ஆர்-எஸ் குடுத்திட்டு ஜிஆர்86 எடுத்தது. பழகிடுதா எண்டு கேட்டீங்கள், இல்லை, பழகேல்லை, ஹைவே 401ல நாலாவது கியரில லொறியைத் தாண்டுற ஒவ்வொரு நாளும் சந்தோஷம்தான். மேல கதைச்ச தம்பிக்கு ஒண்டு சொல்லோணும், வேகம் தெரியேல்லை எண்டால் அதுக்கு ட்ராக் இருக்கு, வண்டியில பிழை சொல்லாதேங்கோ. அமெரிக்காவில புது ஜிஆர்86 வாங்கிற ஆக்களுக்கு நாசா (ரொக்கெட் நாசா இல்லை, கார் ரேஸ் சங்கம்) மெம்பர்ஷிப் ஒரு வருசமும் ஒரு ட்ராக் நாளும் டொயோட்டாவே இலவசமாக் குடுக்குது, அதைப் பாவிக்காமல் விடுறவையை நினைச்சால்தான் எனக்குக் கவலை.

என்ர மனசை அரிக்கிறது வேற. மொஸ்போர்ட் ரேஸ் ட்ராக்கில எட்டாவது வளைவு, நீட்டு நேர்ரோட்டு முடிய வாற வலப்பக்க வளைவு. கம்பனியால வாற டிஸ்ப்ளேயில எண்ணெய் வெப்பம்தான் காட்டும், பிரஷர் காட்டாது, அதால நான் வெளியில வாங்கி ஒரு பிரஷர் கேஜ் பூட்டினனான். நல்ல ஒட்டுற டயர் போட்டிருந்தன். அந்த வளைவுக்க முழு வேகத்தில திரும்பி நிக்கேக்க, ஓரக்கண்ணால பாத்தால் முள்ளு கீழ விழுகுது. ஒரு செக்கன் இருக்கும். வளைவு முடிய திரும்ப ஏறிட்டுது. நான் அப்பிடியே பிட்டுக்குள்ள கொண்டுவந்து நிப்பாட்டிட்டு ஹெல்மெட் கழட்டாமலே கொஞ்ச நேரம் இருந்தன்.

இனி மாத்தப் போற எல்லாரும் இதை வாசியுங்கோ. வலப்பக்கம் கன நேரம் திரும்பேக்க, அதுவும் ஒட்டுற டயரோட, எண்ணெய் ஒரு பக்கமாப் போய் பிக்கப்புக்கு, அதுதான் எண்ணெயை உறிஞ்சிற குழாய்க்கு, வராமல் விடுற பிரச்சினை இந்த 2.4 இன்ஜினில ட்ராக் ஓடுற ஆக்கள் கன பேர் கேஜ் வச்சுப் பாத்தது. இரண்டாவது, ஆயில் பேனை (இன்ஜினுக்கு அடியில இருக்கிற எண்ணெய்த் தட்டு) ஒட்டுறது ரப்பர் காஸ்கெட்டால இல்லை, பசையால. பசை கூடப் போனால் உள்பக்கம் பிதுங்கி, துண்டு கழண்டு, பிக்கப் வலையில போய் ஒட்டும். எல்லா வண்டியிலையும் இருக்காது, இருந்தாலும் எல்லாம் உடையாது, ஆனால் பாக்காமல் ட்ராக்குக்குக் கொண்டு போகாதேங்கோ. பேனைக் கழட்டுறது கஷ்டம், ஒட்டினது இலகுவில விடாது, பிளாஸ்டிக் ஆப்பு பாவியுங்கோ, இரும்பால கிண்டினால் அலுமினியம் கீறுப்படும். வலையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, சாம்பல் நிறத்தில சின்னச் சின்னத் துண்டு தெரியும். திருப்பி ஒட்டேக்க இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைச்சு, பசையை மெல்லிசா ஒரே கோடா இழுத்து, காய விட்டிட்டு எண்ணெய் ஊத்துங்கோ. ட்ராக் நாளில எண்ணெய் அளவு குச்சியில மேல் கோட்டுக்குக் கீழ ஒருநாளும் விடாதேங்கோ. ஆயில் கூலர் போடுறதெண்டால் போடுங்கோ, ஆனால் வெப்பம் குறையிறதும் பிரஷர் விழாமல் இருக்கிறதும் இரண்டு வேற விசயம், கூலர் போட்டாச்சு எண்டு நிம்மதியா இருக்கேலாது. பனிக்காலத்தில உப்பு ரோட்டில ஓடுற ஆக்கள் அடியில இருக்கிற ஆணியளுக்கு கிரீஸ் தடவி வையுங்கோ.

சிராங்கூன்86 (சிங்கப்பூர்)

அண்ணே, உங்களுக்கெல்லாம் மாத்தலாமா வேணாமான்னு யோசிக்க நேரம் இருக்கு. எங்களுக்கு தேதி போட்டு வச்சிருக்காங்க. 2013ல பதிஞ்ச 86, 2023ல சிஓஇ, அதான் வண்டி வச்சுக்க வாங்குற பத்து வருஷ பர்மிட், முடிஞ்சுது. அந்த வருஷம் கேட்டகரி பி (பெரிய இன்ஜின் வண்டிக்கான சிஓஇ) என்ன விலை போச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், அக்டோபர்ல ஒன்றரை லட்சம் வெள்ளி. புது பிஆர்இசட் (ஜிஆர்86-ஓட சுபாரு ஜோடி வண்டி) பாக்கலாம்னு போனா வண்டி விலையை விட பேப்பர் விலை மிரட்டுது. பழசை வச்சுக்கணும்னா பிக்யூபி, அதான் சிஓஇயை நீட்டிக்கிற கட்டணம், கட்டணும், 5 வருஷத்துக்குக் கட்டுனா பாதி காசு ஆனா அதோட முடிஞ்சுது, மறுபடி நீட்டிக்க முடியாது. எப்படி நீட்டிச்சாலும் வண்டியை டீரெஜிஸ்டர் பண்ணா கைக்கு வரவேண்டிய பார்ஃப் பணம் போயிடும்.

டீரெஜிஸ்டர் பண்ணிடலாம்னு முடிவு பண்ணி விலை கேக்க ஒரு எக்ஸ்போர்ட் யார்டுக்குப் போனேன். அங்க ஒரு சிவப்பு 86 நிக்குது, என் வண்டி நிறம், அதே வருஷம். கண்ணாடில ஐயூ (ரோடு கட்டணம் கழிக்கிற பெட்டி) பிடுங்குன எடத்துல பசைத் தடம் மட்டும் இருக்கு, பம்பர் தரையில கிடக்கு, ஒருத்தர் உள்ள உக்காந்து ரேடியோவைக் கழட்டிட்டு இருக்காரு. இன்ஜின்ல ஒரு குறை இல்லன்னு சொன்னாரு. ஓடுற வண்டி, தேதி முடிஞ்சதால நிக்குது. விலை கேக்காமலே திரும்பி வந்துட்டேன், 5 வருஷத்துக்குக் கட்டிட்டேன். 2028ல இதே யார்டுக்குத்தான் வரணும், அதுவும் தெரியும். அந்தக் காசை வேற எங்க போட்டிருக்கலாம்னு எங்க அண்ணன் இன்னமும் கேக்குறாரு, அவர்கிட்ட சொல்ல எங்கிட்ட கணக்கு இல்ல, அந்த சிவப்பு வண்டி மட்டும்தான் இருக்கு.

மலைரோடு ப்ரோ, ஹெடர் போடுறதெல்லாம் உங்க ஊருக்கு ஈஸி. இங்க எக்ஸாஸ்ட் மாத்துனா எல்டிஏ (போக்குவரத்து ஆணையம்) ரூலுக்கு ஒத்துப் போகணும், இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு, அதையும் சேத்து எழுதுங்க.

மழைரோடு_ஜிடி (கிழக்கு லண்டன்)

எல்லாரும் ப்ரோ, அண்ணேன்னே எழுதுறீங்க, பொண்ணுங்களும் இந்த வண்டி ஓட்டுறோம்.

எனக்கு ஜிடி86, பழைய 86-க்கு இங்க அந்தப் பேரு. 2022ல இங்க ஜிஆர்86 புக்கிங் திறந்த அன்னிக்கு ஆஃபீஸ்ல மீட்டிங், வெளிய வந்து பாக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நாட்டுக்கே ஒதுக்குனது 430 வண்டி, ஒன்றரை மணி நேரத்துல காலி. ஐரோப்பாவுல 2024 ஜூலைல வந்த பாதுகாப்பு விதியால ரெண்டு வருஷம்தான் விப்போம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அதனால இப்போ இங்க கேள்வி புதுசா பழசான்னு இல்ல, செகண்ட் ஹேண்ட்ல பட்டியல் விலைக்கு மேல குடுக்கலாமாங்கிறதுதான்.

அப்படி ஒண்ணைப் பாக்கப் போனேன். மழை நல்லா பெஞ்சு விட்ட நேரம், வழில ஒரு சின்ன ரவுண்டபவுட், என் ஜிடி86ல தினமும் போற மாதிரியே திரும்புனேன். என் வண்டில வர்ற பிரைமஸி டயர் ஈரத்துல 25 மைல்லயே மெதுவா பின்பக்கம் நகரும், ஸ்டீயரிங்கைக் கொஞ்சமா எதிர்ல திருப்புனா போதும், பதறாம சிரிச்சுக்கிட்டே பிடிக்கலாம், இந்த வண்டியை வாங்குனதே அதுக்காகத்தான். புதுசு பிடிச்ச பிடி விடல. ரெண்டாவது சுத்துல கொஞ்சம் கூட மிதிச்சேன், அப்பவும் விடல, மூணாவதுல விட்டுச்சு பாருங்க, வேகமா, திடீர்னு. பிடிச்சுட்டேன். பக்கத்துல இருந்த ஓனர் கதவுக் கைப்பிடியைப் பிடிச்சிருந்த கை வெளுத்துப் போயிருந்துச்சு.

பாக்ஸர், நீங்க 250 நியூட்டன் மீட்டர் பத்தியே எழுதியிருக்கீங்க, டயரைப் பத்தி ஒரு வரி இல்ல. நீங்க ஓட்டுன பிரீமியம் 18 இன்ச் பைலட் ஸ்போர்ட், பேஸ் மாடல்ல 17 இன்ச் பிரைமஸி வருது. ரெண்டும் வேற வேற வண்டி மாதிரி நடந்துக்கும். பேஸ் மாடல் ஒண்ணு ஓட்டிப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. நான் வாங்கல, அந்த டார்க் இருந்தா நல்லா இருக்கும்னு ஹைவேல போகும்போது தோணுது, ரவுண்டபவுட்ல தோணல.

உலுயாம்_ஹாச்சி (கிள்ளான்)

மாத்திட்டேன். இன்ஜினுக்காகத்தான் வாங்குனேன், அதுல குறையே இல்ல, உலு யாம் ரோட்டுல ஏறுறப்போ பழசுக்கும் இதுக்கும் பேச்சே இல்ல. ஹேண்ட்பிரேக் இன்னும் கையால இழுக்கிறதுதான், அதுக்கே டொயோட்டாவுக்குக் கும்பிடு. எனக்கு விட்டுப்போனது அந்த நடுவுல இருந்த நிஜ டாக்கோமீட்டர், அதான் ஆர்பிஎம் காட்டுற மீட்டர், 7000 மேல்பக்கமா நேரா நிக்கும், கண்ணை எடுக்காமலே கியர் மாத்தலாம். இதுல 7 இன்ச் ஸ்கிரீன், ட்ராக் மோடுல கோடு கோடா ஏறுது. என் மகன் அதைத்தான் அழகுங்கிறான், அவனுக்குப் பழசு ஞாபகமே இல்ல.

பாக்ஸர்_ஜெர்சி

எல்லாருக்கும் நன்றி, லண்டன் அக்கா சொன்னதுல நியாயம் இருக்கு, சனிக்கிழமை பேஸ் மாடல் இருக்கிற வேற டீலருக்கு போன் பண்ணியிருக்கேன். மலைரோடு ப்ரோ, ஹெடர் போட்டாலும் அது 3700ல 250 ஆகாது, பள்ளம் நெரம்புறது வேற, மேடு வேற, இதுல நான் உங்களோட ஒத்துப்போகல. ஸ்காபரோ அண்ணைக்கு ஒரு கேள்வி, புது வண்டில ஆயில் பேனை நாமளே கழட்டுனா வாரண்டி என்னாகும்? இங்க பவர்டிரெய்ன் 5 வருஷம் அல்லது 60,000 மைல்.

ஸ்காபரோ_அண்ணை

இங்க 5 வருசம் இல்லாட்டி 1,00,000 கிலோமீட்டர். தெருவில மட்டும் ஓடுறதெண்டால் கழட்டாதேங்கோ, வாரண்டி முடியும் வரைக்கும் விடுங்கோ, நேரத்துக்கு எண்ணெய் மாத்தி ரசீதை எல்லாம் பத்திரமா வையுங்கோ. ட்ராக் போறதெண்டால் முதல் டீலரிட்ட எழுத்தில கேளுங்கோ, அவை மாட்டம் எண்டால்தான் நீங்கள் கை வைக்கோணும், வைக்கேக்க ஒவ்வொரு படியும் படம் எடுத்து வையுங்கோ. சனிக்கிழமை போய் ஓடிப்போட்டு 17 இன்ச் எப்பிடி இருந்தது எண்டு எழுதுங்கோ, அதை நான் இன்னும் ஓடிப் பாக்கேல்லை.