ஆத்துத் தண்ணி நல்லதோ கெட்டதோ எண்டு எப்படிப் பாக்கிறது? (கனகராயன் ஆறு)

மதகடியான்:
வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் வன்னியில மாங்குளத்துக்குக் கிட்ட இருக்கிறம், எங்கட இளைஞர் கழகப் பெடியள் பின்னேரத்தில கனகராயன் ஆத்திலதான் குளிக்கிறவங்கள், சின்னனில நாங்களும் அப்படித்தான். இப்ப ஆத்தில ஓட்டம் நிண்டு கிடங்கு கிடங்காத் தண்ணி தேங்கிக் கிடக்கு. போன கிழமை ரெண்டு பெடியளுக்கு காலில ஒரே கடி (சொறிச்சல்), சிவப்புப் பொட்டுப் பொட்டா வந்திட்டுது. அதுக்குப் பிறகு தாய்மார் விடுறேல்ல எண்டு சண்டை. நான் வவுனியாவில மீன்தொட்டிச் சாமான் விக்கிற கடையில ஒரு ரெஸ்ற் ஸ்ரிப் பெட்டி வாங்கி வந்து பாத்தன், பிஎச் (புளிப்பு-கார அளவு) 7.5, நைற்றேற் குறைவு, எல்லாம் நல்ல நிறத்திலதான் காட்டுது. பேந்து அந்தக் கிடங்கில விராலும் துள்ளுது. அப்ப தண்ணி சுத்தம்தானே? குளிக்கலாமோ, மீன் பிடிச்சுச் சாப்பிடலாமோ? வடிவாத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வலைக்காரன்:
தம்பி விரால் துள்ளினா தண்ணி நல்லதெண்டு ஆர் சொன்னது. விரால் மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி, சேத்துக்குள்ளயே கிடந்து தப்பும். ஜப்பான் மீனும் (திலாப்பியா) அப்படித்தான், 1950களில கொண்டு வந்து விட்டது, எந்த ஊத்தைத் தண்ணியிலயும் ஓரளவுக்குச் சமாளிக்கும். நீங்கள் பாக்க வேண்டியது கெண்டைப்பொடியை, சின்ன மீனுகளை. விடியப்புறம் அதுகள் வாயை மேல வைச்சுக் கொப்பளிச்சுக் கொண்டு நிண்டா தண்ணிக்குள்ள மூச்சில்லை எண்டு அர்த்தம். நான் குளத்தில முப்பது வருசமா வலை போடுறன், மழைக்கூதல் பிடிச்சு ரெண்டு மூண்டு நாள் வெயில் இல்லாமல் கிடந்தா விடிய மீன் மிதக்கும், ஆக்கள் உடன நஞ்சு கலந்திட்டாங்கள் எண்டு கத்துவினம், கன தரம் அது பாசியால வாற வேலை.

லாப் ரீச்சர்:
வலைக்காரன் அண்ணை சொன்னது சரி. பகல்ல பாசி வெயிலைப் பிடிச்சு ஒக்சிசன் விடும், இரவில அதே பாசியும் சேறும் சேந்து ஒக்சிசனை இழுக்கும், அதால விடியத்தான் தண்ணியில ஒக்சிசன் ஆகக் குறைவு. மத்தியானம் போய் அளந்தா பொய் கணக்குத்தான் வரும்.

மதகடியான் தம்பி, நீங்கள் ஒரு கேள்வி கேக்கிறீங்கள் எண்டு நினைக்கிறீங்கள், ஆனா அது மூண்டு கேள்வி. குளிக்கலாமோ எண்டது கிருமிக் கதை. மீன் வாழுமோ எண்டது ஒக்சிசன், சூடு, அமோனியா இதுகளின்ர கதை. பிடிச்ச மீனைத் தின்னலாமோ எண்டது மீன்ர உடம்புக்குள்ள என்ன சேர்ந்திருக்கு எண்ட கதை, ஏனெண்டா தண்ணியில தெரியாத அளவு இருக்கிற பாதரசம் மாதிரிச் சாமான் சின்ன மீனில இருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறிக் கூடும், விரால் அப்படியான வேட்டை மீன். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர 2019 ஒழுங்குவிதியிலயும் குளிக்கிற தண்ணிக்கு ஒரு வகை, மீனுக்கு வேற ஒரு வகை எண்டு பிரிச்சுத்தான் போட்டிருக்கு. உங்கட ஸ்ரிப் இதில பாதியைக்கூடத் தொடேல்ல, அது மீன்தொட்டிக்குச் செய்தது, ஒரு கிருமியும் காட்டாது, பூச்சி மருந்தும் காட்டாது.

குளிக்கிறதுக்கு ஈ.கோலி எண்ட குடல் கிருமியைப் பாக்க வேணும். அமெரிக்காவின்ர சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் (ஈ.பி.ஏ) 2012ல சொன்ன எல்லை 100 மில்லிலீற்றருக்கு 126 கிருமி, அதுவும் ஒரு தரம் எடுத்த கணக்கில்லை, ஒரு மாசத்தில கன தரம் எடுத்து வாற சராசரி. ஈ.கோலி தானே ஆளைக் கொல்லுறதெண்டு இல்லை (சில வகை பொல்லாதது), ஆனா அது நிக்குது எண்டா மலம் கலந்திருக்கு எண்டு அர்த்தம். உங்கட பக்கம் பட்டி மாடு ஆத்தங்கரையில நிக்குதுதானே? மலசலகூடக் குழி கரைக்குக் கிட்ட இருக்கோ? லாப்புக்குக் குடுக்கிற போத்தல் கிருமி நீக்கினதா இருக்கோணும், ஐஸில வைச்சு அண்டைக்கே கொண்டு போகோணும், மினரல் வோட்டர் போத்தலில அள்ளிக்கொண்டு ரெண்டு நாள் கழிச்சுப் போனா வீண் காசு. பி.எச்.ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேளுங்கோ, நீர் வழங்கல் சபையிலயும் கேட்டுப் பாக்கலாம்.

கடி வந்தது: தண்ணியில பச்சைப் பெயின்ற் ஊத்தின மாதிரிப் படலம் இருந்ததோ? அப்படியெண்டா இறங்கவே வேண்டாம், அதில வாற சில நஞ்சு தண்ணியைக் கொதிக்க வைச்சாலும் போகாது. இல்லாட்டி நத்தையில இருந்து வாற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் புழு தோலுக்குள்ள போக முயற்சிக்கிறது, அது பயப்பிட வேண்டியதில்லை, கன பேருக்கு ஒரு கிழமை அளவில தானா மாறும்.

வயல்காரி:
இதில ஒண்டு விட்டிட்டீங்கள், எலிக்காய்ச்சல், எலி மூத்திரம் கலந்த தண்ணியால காயத்துக்குள்ளால வாறது. காலில காயத்தோட தேங்கின தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. 2024 நவம்பர் கடைசியில வந்த வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில எத்தினை பேர் செத்துப் போனது. காலபோகம் தொடங்கினா எங்கட பி.எச்.ஐ வயலுக்குப் போறாக்களுக்கு அதுக்குத் தடுப்புக் குளுசை குடுக்கிறவர், ஆத்தில குளிக்கிற பெடியளுக்கு ஆரும் குடுக்கிறேல்ல. பெருமழை பெஞ்சா ரெண்டு மூண்டு நாளைக்கு இறங்கவே வேண்டாம், கரையில கிடந்த சாணி, குப்பை, வயல்ல தெளிச்சது எல்லாம் முதல் வெள்ளத்தோட ஆத்துக்குள்ளதான் வரும். பேந்து மண் அள்ளின கிடங்குகள் இருக்கு, மேல பாத்தா முழங்கால் தண்ணி, ஒரு அடி வைச்சா ஆள் தாழும். கிருமியைவிட எனக்கு அதுதான் பயம்.

மதகடியான்:
எல்லாருக்கும் நன்றி. கம்பஸில படிக்கிற ஒரு தம்பிட்ட ஒக்சிசன் மீற்றர் இரவல் வாங்கி சனிக்கிழமை பாத்தம். விடிய 5.45க்கு லீற்றருக்கு 2.8 மில்லிகிராம். பின்னேரம் 3 மணிக்கு அதே இடத்தில 9.1. ரீச்சர் 9.1 எண்டது நல்லதுதானே?

லாப் ரீச்சர்:
இல்லை தம்பி. 30 பாகைச் சூட்டில தண்ணி சாதாரணமாப் பிடிச்சு வைச்சிருக்கிறது ஏழரை அளவில. அதுக்கு மேல நிக்குது எண்டா பாசி அளவுக்கு மிஞ்சி நிக்குது, அதுதான் விடிய 2.8க்கு இறங்கினது. மீனுக்கு விடியவும் 5 இருந்தா நிம்மதி, 2க்குக் கீழ போனா மீன் மிதக்கத் தொடங்கும். பாசி இப்படிக் கூடினா பின்னேரத்தில பிஎச்சும் ஏறும், பிஎச் ஏற அமோனியாவின்ர நஞ்சும் கூடும். ஸ்ரிப் மிச்சம் இருந்தா பின்னேரமும் ஒருக்கா நனைச்சுப் பாருங்கோ. பாசியை வளக்கிற பசளை மேல எங்கயோ இருந்து வருது போல, ஆத்தோரம் நடந்து எந்த வாய்க்கால் வந்து விழுகுது எண்டு பாருங்கோ. ஈ.கோலி றிப்போட் வந்த பிறகு குளிக்கிறதைப் பற்றிக் கதைப்பம், அதுவரைக்கும் பெடியளைக் கிணத்தடியில குளிக்கச் சொல்லுங்கோ.

வலைக்காரன்:
5.45க்குப் போனனீங்களோ? எந்தக் கிடங்கு, பெரிய மருதமரம் நிக்கிறதோ? அதில ஒரு முதலை கிடக்கு தம்பி. அடுத்த முறை அளக்கப் போகேக்க போத்தலைத் தடியில கட்டி எட்டி நிண்டு அள்ளுங்கோ.