‘டாலரபிலிட்டி’க்குத் ‘தாங்குதிறன்’ வேண்டாம், ‘உடலேற்பு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆன்டிபயாட்டிக் மருந்து உண்டவர்களின் பட்டறிவைக் கேட்டறியும் வினாத்தாளுக்கு, ‘டாலரபிலிட்டி’ (ஒரு மருந்தின் பக்கவிளைவுகள் நோயாளியால் எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியவையாக உள்ளன என்பது) என்பதைத் ‘தாங்குதிறன்’ என்று தமிழாக்கும் பரிந்துரையைக் கண்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. தாங்குபவர் நோயாளி, நாம் அளக்க விரும்புவதோ மருந்தின் இயல்பு. வயிற்றுப்போக்கால் பாதியில் நிறுத்தியவரைத் தாங்குதிறன் குறைந்தவர் என்று எழுதினால், மருந்தின் குறை அவருடைய குறையாகிவிடும். மேலும், எதிர்ப்பாற்றல் பெறாமலேயே மருந்துக்கு நடுவில் சிறிது காலம் பிழைத்திருக்கும் பாக்டீரியாவின் தன்மையைக் குறிக்கத் ‘தாங்குதிறன்’ என்ற சொல் நமக்குத் தேவைப்படும்.

கடைக்கு வருபவர்கள் “ஒத்துக்கலைங்க” என்கிறார்கள். அதிலிருந்தே ஒரு சொல்லை உருவாக்கலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் அந்த ஒரு சொல், பக்கவிளைவு, ஒவ்வாமை என்ற இரண்டு வேறு நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தைக் குடித்து வயிறு இளகிய ஒரு குழந்தையின் தாய் இதே சொல்லைச் சொல்ல, அக்குழந்தையின் சீட்டில் ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து மனம் வருந்தினேன். தடிப்போ வீக்கமோ மூச்சுத்திணறலோ எதுவும் இல்லை. உணவின் தொடக்கத்தில் கொடுத்திருந்தால் வயிற்றுத் தொல்லை குறைந்திருக்கவும் கூடும். அந்த ஒரு சொல்லால், பின்னாளில் உண்மையாகவே பெனிசிலின் தேவைப்படும்போது அக்குழந்தைக்கு அது மறுக்கப்படலாம். எனவே ‘ஒவ்வு’, ‘ஒத்து’ ஆகிய வேர்களிலிருந்து விலகி நிற்பதே பாதுகாப்பு. ‘இசைவு’ என்பதும் உதவாது. நோயாளியின் ஒப்புதலுக்கு அது வழங்கிவருகிறது.

என் பரிந்துரை ‘உடலேற்பு’. “உடம்பு ஏத்துக்கலை” என்பது பேச்சிலும் உள்ளதுதான். மருந்து குருதியில் கலப்பதோடு இது குழம்பும் என்று சிலர் கருதலாம். அதற்கு ‘உட்கவர்தல்’ என்ற தனிச்சொல் இருப்பதால் அந்த அச்சம் எனக்கில்லை. ‘நல்ல உடலேற்பு’, ‘குறைந்த உடலேற்பு’ என்று படிநிலையும் காட்டலாம்.

உடலேற்பைத் தவிர, மருந்தை உட்கொள்வதன் எளிமைக்கும் தனிச்சொல் வேண்டும் என்பதை ஏற்காட்டில் உணர்ந்தேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு, உண்ணிக் காய்ச்சலுக்காக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரவில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தவர், “மாத்திரை நெஞ்சுலயே நின்னு எரியுதுங்க” என்று மார்பின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். நிறையத் தண்ணீர் குடித்து, அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். பாலையும் இரும்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்கக் கூடாது. இத்தனை நிபந்தனைகள் உள்ள மருந்தையும், நாளுக்கு ஒருமுறை மூன்று நாள் விழுங்கினால் முடிந்துவிடும் அசித்ரோமைசினையும் உடலேற்பு என்ற ஒரே அளவுகோலால் ஒப்பிட முடியாது.

இதற்கு ‘உண்ணெளிமை’ என்பேன். ‘உண்ணுநீர்’ என்ற பழைய வழக்கு இருப்பதால் நீர்மருந்துக்கும் இது பொருந்தும். ஊசிக்குப் பொருந்தாது, அது நம் வினாத்தாளிலும் இல்லை. நோயாளி படிக்கும் பக்கத்தில் இவ்விரு சொற்களையும் தலைப்பாக மட்டும் வைத்து, கீழே “வயிறு, வாய், தோல் இவற்றில் என்ன தொல்லை இருந்தது?”, “விழுங்குவதிலும் நேரம் தவறாமல் உண்பதிலும் என்ன சிரமம் இருந்தது?” என்று கேட்கலாம். ‘உண்ணெளிமை’யின் புணர்ச்சியை இலக்கணம் அறிந்தோர் சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.