டோரோ பள்ளத்தாக்கு: அம்மாவோடு போக ரயிலா, காரா?

சுபா_நெல்லை:
செப்டம்பர் கடைசியில் போர்ச்சுகல்ல போர்ட்டோ போறோம். அப்படியே ஒயினுக்குப் பேர்போன டோரோ ஆத்துப் பள்ளத்தாக்கையும் பார்க்க ஆசை. கூட அம்மா வர்றாங்க. முட்டிவலி, சுத்த சைவம். எங்க வீட்டில் யாரும் ஒயின் தொடறதில்லை. குடிக்காதவங்களுக்கு அங்கே என்ன இருக்கு? கார் எடுக்கலாமா?

கம்பத்துக்காரன்:
தாராளமா போங்க. நானும் குடிக்காத ஆள்தான். திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவன், கொடியைப் பார்க்கத்தான் போனேன். நீங்க போறது திராட்சை வெட்டு நடக்கிற சமயம் வேற.

நம்ம பக்கம் கல்லுக்கால் நட்டு, கம்பிப் பந்தல் போட்டு, குலை தலைக்கு மேல தொங்கும். அங்கே பந்தலே கிடையாது. ஆத்தங்கரையிலிருந்து மலை மேல வரைக்கும் படிப்படியா வெட்டி, இடுப்பு உயரக் கொடி. பழைய சுவர்களில் சாந்து இல்லை, வெறும் கல் அடுக்கு. மண்ணுன்னு பெருசா ஒண்ணும் இல்லை. ஏடு ஏடா பெயரும் பாறை, அந்த இடுக்கில் வேர் இறங்கித்தான் தண்ணி தேடணும். வருஷத்துக்கு ஒரே வெட்டு. சரிவில் மெஷின் ஏறாது, பெரும்பாலும் கைவெட்டு. குனிஞ்சே வெட்டுறவங்களைப் பார்த்து எனக்கு இடுப்பு வலிச்சது! 1756லேயே போர்ட்ங்கிற இனிப்பு ஒயினுக்குன்னு எல்லை குறிச்ச பூமி அது.

ரயில்தான் சரி. போர்ட்டோவிலிருந்து, பள்ளத்தாக்கில் இருக்கிற பின்யாவ்ங்கிற சின்ன ஊர் வரை சுமார் இரண்டரை மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடிங்க. முதல் ஒரு மணி நேரம் ஆறு கண்ணில் படாது, அப்புறம் தண்டவாளத்தை ஒட்டியே வரும். பின்யாவ் ஸ்டேஷன் சுவர் ஓடுகளில் திராட்சை வெட்டு, கூடை சுமக்கிறது எல்லாம் நீல ஓவியமா இருக்கும். படகுத்துறையும் பக்கம். அம்மா மலை ஏறவே வேண்டாம்.

ரவி_லிஸ்பன்:
காரில் போனா, ரேகுவாங்கிற ஊரிலிருந்து பின்யாவ் போற என்222 ரோடு ஆத்தோரமா அழகுதான். ஆனா தோட்டத்துக்கு ஏறுற வழி ஒடுக்கம். எதிரே டிராக்டர் வந்தா ரிவர்ஸ்தான். அம்மாவை வெச்சுக்கிட்டு எதுக்கு?

சாப்பாட்டில் கவனம். கால்டோ வெர்டேன்னு கீரை, உருளைக்கிழங்கு சூப் தருவாங்க, அதில் பன்றிக்கறித் துண்டு மிதக்கும். முதல்லயே வேண்டாம்னு சொல்லிடுங்க. ரொட்டி, ஆலிவ், பாதாம் நம்பிச் சாப்பிடலாம்.

சுபா_நெல்லை:
ரொம்ப நன்றி. ரயிலேதான். பழத்தைக் காலால் மிதிக்கிறதைப் பார்க்க முடியுமா?

கம்பத்துக்காரன்:
சில தோட்டங்களில் இன்னும் உண்டு. கருங்கல் தொட்டியில் தோளோடு தோள் சேர்ந்து வரிசையா மிதிப்பாங்க. பெரும்பாலும் பொழுது சாஞ்சப்புறம்தான். அதனால் ஒரு ராத்திரி பின்யாவில் தங்குங்க. வெட்டு மாசம், ரூம் இப்பவே போட்டுடுங்க.